பானை வாயில் கட்டிய துணி

காப்புக்காட்டுக்குள் பிறந்து, பாறைகளுக்கிடையே இறங்கி, அடிவாரத்தில் பேராற்றோடு கலக்கிறது கல்லிடுக்கி ஓடை. பாதி வழியில் இருக்கும் அதன் துறையில் நீராடுவோர், உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுச் செல்வர். பிடித்த பீடை அதனோடு போய்விடுமாம்.

அன்று காலை திருவாழி ஓடையிலிருந்து ஒரு நீர்நாயைத் தூக்கினார். நைலான் சேலை ஒன்று அதன் கழுத்தை இறுக்கியிருந்தது. உயிர் இல்லை. காம்புகளில் பால் கசிந்துகொண்டிருந்தது.

சேலையை அவிழ்த்துத் துறைக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஒருவன் தன் சட்டையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். அவன் காலடியில் போட்டார்.

“பெரியவரே, அதையெல்லாம் தொடாதீங்க. பீடை உங்களுக்கு ஒட்டிக்கும்” என்று அவன் தள்ளி நின்றான்.

திருவாழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ஓய்வு பெற்ற வட்டாட்சியர். ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டு வந்து, தம்மினும் பதினைந்து வயது இளையவரான மரகதம்மாளைக் குருவாகக் கொண்டவர். நேரே குருவின் குடிலுக்கு வந்து, மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்தார்.

“யாரை அடிக்க, வட்டாட்சியரே?” என்று கேட்டார் அம்மாள்.

“துறைக்கு வருகிற அத்தனை பேரையும். ஒரு நீர்நாய் சேலை இறுக்கிச் செத்துக் கிடக்கிறது. அதன் குட்டிகள் எந்தப் பொந்தில் கத்திக்கொண்டு கிடக்கின்றனவோ. தம் பீடையை ஓடையின் தலையில் கட்டுகிறவர்களை வேறு என்ன செய்வது, அம்மா?”

“முதலில் தண்ணீர் குடியுங்கள்.”

“எனக்குத் தாகமில்லை.”

“கத்தினால் தொண்டை வறளும். குடியுங்கள்.”

குடித்தார். அம்மாள், பானையின் வாயில் வடிகட்டுவதற்காகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். ஆறு ஆண்டுகளாக அதன் வழியாக வடிந்த தண்ணீரைத்தான் திருவாழி குடித்து வருகிறார். உள்ளே செருகியிருந்த முனையை இழுத்து, அவர் மடியில் விரித்தார்.

முனையில் மூன்று புள்ளிகளும் ஒரு கோடும் மங்கலாகத் தெரிந்தன. அவர் வீட்டுத் துணிகளுக்கு இடப்படும் சலவைக்குறி அது.

“இது என் வேட்டி.”

“பாதிதான். மீதியைப் பாறை கிழித்துவிட்டது.”

இல்லறத்தை உதறி வந்த அன்று, அவரும் அந்தத் துறையில்தான் முழுகினார். வேட்டி மிதந்து போவதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

“எங்கே கிடைத்தது?”

“ஓர் ஆமையைச் சுற்றியிருந்தது.”

திருவாழி கம்பைக் கீழே வைத்தார்.

“அது பிழைத்ததா?”

“இல்லை. அன்று இதே கம்பை எடுத்துக்கொண்டுதான் துறைக்கு வந்தேன். துறை மண்டபத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். தாகமாயிருக்கிறது என்றீர்கள்.”