ஆட்டம் நின்ற தேன்கூடு

வேங்கை மரப் பொந்தில் தேனீக்கள் கூட்டமாக வாழ்ந்தன. பூவைக் கண்டுவந்த தேனீ அடையின்மேல் ஆடிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் மற்றவை திசையும் தூரமும் அறிந்து பறக்கும். மினுக்கி என்ற தேனீயும் அதன் தோழி பொன்னியும் சேர்ந்து ஆடினால் கூடே சொக்கிப்போகும்!

அந்த ஆண்டு பக்கத்துப் புங்கமரம் பூக்கவில்லை. தேன் குறைந்தது. கவலைப்பட்ட ராணித் தேனீ, மரத்தைத் தட்டியே கோளாறு சொல்வதில் பேர்போன மரங்கொத்தியை அழைத்தது.

மரங்கொத்தி வெளியே தொற்றிக்கொண்டு டொக் டொக்கென்று தட்டியது. காதை வைத்துக் கேட்டது.

“உள்ளே ஏதோ ஆட்டம் நடக்கிறதே! அதுதான் கோளாறு! ஆடுகிற நேரத்தில் பறக்கச் சொல்லுங்கள்!”

“உள்ளே ஒரு தடவை எட்டிப் பாருங்களேன், ஐயா!” என்று கெஞ்சியது மினுக்கி.

“தட்டினாலே எனக்குத் தெரியும்!”

ஆட்டத்துக்குத் தடை விழுந்தது. கொஞ்ச நாள் கழித்து மரங்கொத்தி மறுபடி வந்து வாசலைப் பார்த்தது. போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல்!

“பார்த்தீர்களா! ஒருத்தராவது சும்மா இருக்கிறார்களா? என் வைத்தியம் பலித்துவிட்டது!”

ராணி பூரித்துப்போனது. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்கிற கதைதான்! திக்குத் தெரியாமல் அலைந்தவை வெறும் வயிற்றோடு திரும்பின.

ஒருநாள் ஓடைக்கு அப்பால் இலுப்பை பூத்துக் குலுங்குவதை மினுக்கி கண்டது. சொல்ல வேண்டுமே! கால்கள் துடித்தன. ஆனால் தடைக்குப் பயந்து அடங்கிவிட்டது.

மறுநாள் பொன்னி நேர் எதிர்த்திசையில் பூத் தேடிப் போயிற்று. திரும்பவே இல்லை. மினுக்கி வாசலிலேயே கிடந்தது. ஒவ்வொரு இறக்கை ஓசைக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது. பொன்னி வரவில்லை.

ஏக்கம் தாங்காமல் மினுக்கி ராணியிடம் ஓடியது.

“ராணியம்மா, வாசலைப் பார்த்தது போதும்! அடையைப் பாருங்கள்!”

ராணி பார்த்தது. தேன் அறைகளெல்லாம் காலி! குஞ்சுகள் பசியில் நெளிந்தன.

“ஐயோ, ஆடு மினுக்கி! இப்போதே ஆடு!”

மினுக்கி ஆடியது. கூட்டம் இலுப்பையை நோக்கிப் பாய்ந்தது. மழைக்கு முன்பே அடை நிரம்பியது. மினுக்கி மட்டும் அதன்பிறகு எப்போது ஆடினாலும், பக்கத்தில் பொன்னிக்கு இடம் விட்டே ஆடியது.

உள்ளே புகுந்து பாராமல் குறை சொல்பவரையும், விளைச்சலைப் பாராமல் ஓட்டத்தை மெச்சுபவரையும் நம்பினால், தேன் திரும்பி வந்தாலும் தோழி திரும்பி வரமாட்டாள்.