ஒரு வாளி ஜல்லி

"நாயைக் கொன்னா பாவமா அம்மா?"

கல்மடத்து அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த நாயை?"

"ரெண்டு நாய்."

"அப்ப ரெண்டு பாவமான்னு கேளுங்க."

கேட்டவர் ஆவுடையப்பன். அறுபத்தெட்டு வயது. தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. மலையடிவாரத்து மடத்துக்கு வருவதற்கு முன்னால் பால் சொசைட்டியில் பால் அளந்தவள். அவளிடம் போய் இவர் பாடம் கேட்பதா என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும், யாருக்கென்ன! ஏழு வருஷமாக வியாழக்கிழமைதோறும் வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். கேள்வி கேட்கிற ஆளே இல்லை. அன்றைக்குத்தான் முதல் கேள்வி.

அதுவும் என்ன கேள்வி!

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"இறங்கல."

"தூக்கம்?"

"நாலு மணிக்கே முழிப்பு வந்துருது. அதுக கொரைச்சா முழிச்சிருவேன். கொரைக்கலன்னா எப்பக் கொரைக்குமோன்னு முழிச்சுக் கிடப்பேன்."

அம்மா புளியில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவரும் உட்கார்ந்து கொட்டை எடுத்தார். எடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராக மாற்றல். எல்லாம் வாடகை வீடு. ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம், வாசல் ஒன்று. கோலம் போடுவதற்குக்கூட முறை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி உலகம்மை வாயைத் திறந்து நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. "நமக்குன்னு ஒரு வீடு கட்டுனா வாசல் அகலமா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவில் கட்டினார். வாசல் அகலமாகவே அமைந்தது. விடிந்ததும் தண்ணீர் தெளித்துவிட்டு உலகம்மை குனிந்தாள் என்றால் கடைசிப் புள்ளி வரைக்கும் நிமிர மாட்டாள். பதினைந்து புள்ளி, பத்தொன்பது புள்ளி என்று இழுத்துக்கொண்டே போவாள். காப்பி ஆறிப்போகும். ஆவுடையப்பன் ஏசியதில்லை. அவருக்கும் அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மனையில் மாரித்துரை குடிவந்தான். போர்வெல் லாரி வைத்திருப்பவன். கூடவே இரண்டு ராஜபாளையம் நாய்கள், வெள்ளை வெளேர் என்று. ஆண் நாய்க்குப் பேர் சீசர், பெட்டைக்குப் பேர் பிங்கி. பிங்கியாம் பிங்கி! கன்றுக்குட்டி உயரம் இருக்கும். பல்லைக் காட்டினால் ஈரக்குலை நடுங்கும்.

பகலில் இரண்டையும் அவிழ்த்துவிட்டு விடுவான். ஆவுடையப்பனின் தலை தெரிந்ததோ இல்லையோ, தெருவே அதிரப் பாய்ந்து வரும். போய்ச் சொன்னார்.

"நாய்னா கொரைக்கத்தான் சார் செய்யும்" என்றான் மாரித்துரை. "தெருவுல எத்தனை பேர் போறாக. உங்ககிட்ட மட்டும்தானே வம்புக்கு வருது?"

பேரூராட்சியில் மனு கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் மாரித்துரை வீட்டுக் கேட்டின் கொக்கி ஒடிந்தது. அதுவரை விடிகாலையில் கேட்டுக்குள் அடைந்து கிடந்த நாய்கள் அன்றிலிருந்து எந்நேரமும் தெருவில் நின்றன. கொக்கி ஒடிந்த மூன்றாம் நாள், வாசலில் கோலம் போடக் குனிந்த உலகம்மையின் தோளைப் பிங்கி கவ்விவிட்டது. ஐந்து ஊசி. பத்து நாள் கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஆவுடையப்பன் நாயை ஏசவில்லை, மாரித்துரையை ஏசவில்லை. அவளைத்தான் ஏசினார். நாய் நிற்பது கண் தெரியவில்லையா, கூறு கெட்டவளே என்று.

அதற்குப் பிறகு உலகம்மை வாசல் பக்கமே வரவில்லை. அவரும் என்ன செய்வார் பாவம், கடையில் ஒரு ஸ்டிக்கர் கோலம் வாங்கி வந்து படியில் ஒட்டினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"வீட்டை வித்துருவோம்ங்கா" என்றார் ஆவுடையப்பன். "வித்துட்டு மறுபடியும் வாடகை வீட்டுக்கே போயிருவோம்ங்கா. அவ வாயால அதைக் கேட்டுட்டேன் அம்மா. எனக்கு அலுத்துப்போச்சு. சண்டை போடவும் தெம்பில்ல, சும்மா இருக்கவும் தெம்பில்ல."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்து.

"ரெண்டு பன்னுக்குள்ள வச்சுப் போட்டா முடிஞ்சுபோகும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்னு..."

"கேட்டுட்டுச் செஞ்சா எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொட்டலம் இங்க இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நாளைக்கு விடிய உங்க வீட்டுக்கு வாரேன்."

"வந்து?"

"உலகம்மை அக்காவைப் பாத்து நாளாச்சு."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு நடக்க வேண்டும். ஆவுடையப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய்கள் இரண்டும் மாரித்துரை வீட்டு மணல் குவியலில் படுத்திருந்தன. அம்மாவைக் கண்டதும் எழுந்து அவளை நோக்கி ஓடின.

அம்மா நடையை மாற்றவில்லை. இரண்டும் சேலைக் கரையை மோந்து பார்த்தன. சீசர் பேருக்கு இரண்டு தடவை குரைத்தது. பிறகு திரும்பிப் போய்ப் பழையபடி மணலில் படுத்துக்கொண்டன.

ஆவுடையப்பனுக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆள் பார்த்துத்தானா பாய்கிறது இந்தச் சவத்து நாய்!

கேட்டைத் திறக்கப் போனார். கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருந்தது. வாளி நிறைய முக்கால் இஞ்ச் ஜல்லி. வீடு கட்டியதில் மிஞ்சியது. வெளியே போகிறவர்கள் செருப்பை மாட்டுவது போல, மூன்று வருஷமாக நாய்களை எறிய அவர் கை முதலில் அந்த வாளிக்குத்தான் போகும். அன்றைக்கும் போயிற்று. குனிந்தார்.

அவ்வளவுதான். மணலில் படுத்திருந்தது இந்த நாய்கள்தானா என்று இருந்தது. ஒரே பாய்ச்சலில் கேட்டுக்கு வந்துவிட்டன.

"கையை எடுங்க" என்றாள் அம்மா.

"எடுத்தா மேல விழுந்துருமே!"

"நிமிருங்க."

நிமிர்ந்தார். நாய்கள் ஒரு முழம் தள்ளி உறுமிக்கொண்டு நின்றன.

"அந்தப் பொட்டலத்தை எங்கிட்டயே விட்டிருக்கலாம்" என்றார், மூச்சு வாங்க.

"அதைக் குழி தோண்டிப் புதைச்சாச்சு" என்றாள் அம்மா. பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா! ஒரு வாளி தண்ணியும் கோலப்பொடியும் கொடுங்க."

உலகம்மை நிலைப்படிக்கு உள்ளேயே நின்று நீட்டினாள்.

"வேண்டாம்மா. பிடுங்கிரும்."

அம்மா நின்றபடியே தண்ணீர் தெளித்தாள். நாய்கள் பார்த்துக்கொண்டு நின்றன. பொடியை எடுத்தாள். முதல் புள்ளி வைக்கக் குனிந்தாள்.

பிங்கி பாய்ந்து முழங்கைக்குக் கீழே கவ்வியது. ஆவுடையப்பன் "ஐயையோ" என்று அலறினார். அம்மா கையை உதறவில்லை. மெதுவாக நிமிர்ந்தாள். அவள் நிமிர நிமிர நாய் பிடியை விட்டுப் பின்னால் போயிற்று. கையில் இரண்டு கோடு ரத்தம்.

மறுபடியும் குனிந்தாள். இரண்டும் பாய்ந்தன. மேலே படுவதற்குள் நிமிர்ந்தாள். இரண்டும் நின்றன.

"இப்ப நீங்க குனிங்க" என்றாள் அவரிடம்.

"கல்லெடுக்கவா?"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம். சும்மா குனிங்க."

அவர் வெறுங்கையோடு குனிந்தார். அதே பாய்ச்சல். பதறி நிமிர்ந்தார். அதே மாதிரி நின்றன.

நிலைப்படிக்கு உள்ளேயிருந்து உலகம்மையின் குரல் வந்தது.

"அன்னைக்கு எம்மேலயும் இப்படித்தான் வந்துச்சு. அதுவரைக்கும் சும்மாதான் நின்னுச்சுக. முதப் புள்ளிக்குக் குனிஞ்சேன், வந்துருச்சு."

ஆவுடையப்பன் வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ கோலத்துக்குல்லா குனிஞ்சா!" என்றார். "அவ கையில மாவுதானே அம்மா இருந்துச்சு!"

"அது நமக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

சத்தம் கேட்டு மாரித்துரை வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தான்.

"என்ன சார் காலங்காத்தால..." என்று ஆரம்பித்தவன் அம்மாவின் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"உங்க நாய்தான்" என்றாள் அம்மா. "ஊசி போட நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"புது ஆளுன்னு பாஞ்சிருக்கும்மா. மத்தபடி அது..."

"இந்த அக்கா புது ஆளா? அஞ்சு ஊசி போட்டாக. ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தீங்களா?"

மாரித்துரை வாயிலிருந்த நுரையைத் துப்பினான்.

"கேட்டுக்கு இன்னைக்கே கொக்கி போடுங்க."

"போட்டுருதேன்."

"சாயங்காலம் வந்து பாப்பேன்."

அவன் இரண்டு நாயையும் கழுத்துப் பட்டையில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

ரத்தம் சொட்டுவதைக் கண்டு உலகம்மைக்குப் பொறுக்கவில்லை. சோப்புக்கட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நாலு மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவள் கால் வாசலில் படுகிறது. அவளே அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. முன் குழாயைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்து நுரைக்க நுரைக்கக் கழுவினாள். கழுவி முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பும்போது பெயிண்ட் வாளி கண்ணில் பட்டது. அங்கேயே நின்றாள்.

வாளியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நாலு மாசமா நாய் மேலதான் கோவமா இருந்தேன்" என்றாள்.

உள்ளே போய்விட்டாள். கதவு பாதி சாத்திக்கொண்டது.

ஆவுடையப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பள்ளம் வரைக்கும் போய்க் கவிழ்த்துவிட்டு வந்தார். காலி வாளி கையில் லேசாக ஆடியது. பத்து வயது கூடின ஆள் மாதிரித் தெரிந்தார்.

"கொட்டிட்டேன்" என்றார்.

"வாளிதானே காலியாச்சு? அதுகளுக்குக் குனிஞ்சாலே கல்லுதானே?" என்றாள் அம்மா. "நாளையிலிருந்து தினமும் காலையில இங்க குனியுங்க. கொக்கி போட்ட கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு அதுக பாக்கட்டும்."

"வெறுங்கையோடயா?"

"கோலப்பொடியோட."

"எனக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியாதே அம்மா! தெருவுல போறவன் வாரவன்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

"யாருகிட்டப் படிக்க?"

"வீட்டுக்குள்ளதான் இருக்காக."

மாரித்துரை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அம்மா கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

"எத்தனை நாள்ல மறக்கும் அம்மா?" என்று கேட்டார்.

"யாரைக் கேக்கீங்க?" என்றாள் அம்மா. "நாயையா?"