மடையர், பதினெட்டுப் பேர்

மழை பெய்தால் மீன் வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப்பார்க்கிற ஊர் ஒன்று இருந்ததாம். மருதேந்தல் என்று பேராம். அந்த ஊருக்கு ஒரு பெரிய கண்மாய், கண்மாய்க்கு ஒரு மண்கரை, கரைக்கு அடியில் ஒரு மடை. மடை என்றால் என்ன என்றா கேட்கிறீர்கள்? தண்ணீர் வெளியே போக அடியில் ஒரு கல்குழாய் இருக்கும், அதன் வாயை ஒரு கல் அடைத்திருக்கும். ஓர் ஆள் மூச்சை அடக்கி முங்கிப்போய் அந்தக் கல்லைப் பிடுங்கினால்தான் தண்ணீர் கால்வாயில் ஓடி வயலுக்குப் பாயும். மழை மிஞ்சிப்போனாலும் அதைப் பிடுங்கினால்தான் கரை பிழைக்கும். அப்படி முங்குகிறவருக்கு மடையர் என்று பேர். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அது வசவு இல்லை. வசவாக எப்படி ஆனது என்பதுதான் கதையே.

மருதேந்தலில் மடையர் ஒரு பெண். முத்திருளி என்று பேர். அவள் பாட்டன் முங்கினான், அவள் அப்பன் முங்கினான், அப்பன் போன பிறகு அவளே முங்கினாள். அதற்கு அரண்மனை அவளுக்கு வருஷம் ஆறு கலம் நெல் அளந்தது. அதை வைத்துத்தான் அவளும், நடமாட முடியாத அவள் ஆத்தாளும் கஞ்சி குடித்தார்கள்.

அந்த நாட்டு ராசா கெட்டவர் இல்லையாம், ஆனால் கொண்டாட்டம் என்றால் உயிராம். ராசா பிறந்தநாளுக்கு யானை ஊர்வலம், யானை பிறந்தநாளுக்கு ராசா ஊர்வலம். இப்படியே போய் ஒருநாள் கஜானாவைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லிதான் இருந்ததாம். உடனே மந்திரி நிறைமதியாரைக் கூப்பிட்டு, "வரவைக் கூட்டும், செலவைக் குறையும்" என்று சொல்லிவிட்டாராம்.

மந்திரி வரவைக் கூட்டினார். அடுப்பு புகைந்தால் புகை வரி போட்டார். மரத்தடியில் நின்றால் நிழல் வரி போட்டார். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் பேச்சு வரி போட்டார். பல வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் மூன்று தடவை கட்டினார்களாம்.

அப்புறம் செலவைக் குறைத்தார். சத்திரத்து விளக்குக்கு எண்ணெயை நிறுத்தினார். மருத்துவச்சிக்கு அரிசியை நிறுத்தினார். மூன்றாவதாக ஓர் ஓலையை எடுத்தார். அதில், "மடையர், பதினெட்டுப் பேர், நெல் நூற்றெட்டுக் கலம்" என்று இருந்தது. மந்திரி தலைநகரிலேயே பிறந்து வளர்ந்தவர், கண்மாயைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த மடையெல்லாம் அரண்மனை மடைப்பள்ளிதான், அதாவது சமையல்கட்டு. அங்கே சமைக்கிறவரையும் மடையர் என்றுதான் கூப்பிடுவார்களாம். "நம்ம மடைப்பள்ளியிலேயே பதினெட்டுச் சமையக்காரன் தின்னு கொழுத்துக் கிடக்கான். ஊர் ஊருக்கு வேற சமையக்காரனா?" என்று ஓலையைக் கிழித்துப் போட்டார்.

அறுப்பு முடிந்தது, ஆறு கலம் வரவில்லை. முத்திருளி மூன்று நாள் நடந்து தலைநகருக்குப் போய் மந்திரி முன்னால் நின்றாள்.

"ஐயா, நான் மருதேந்தல் மடையருங்க. என் நெல்லு வரல."

"ஓ, நீதானா? எத்தனை பேருக்கு ஊத்துவே?"

"முந்நூறு குடும்பத்துக்குங்க."

"அடேங்கப்பா! கெட்டியா ஊத்துவியா?"

"தண்ணிதானுங்களே ஐயா."

"தண்ணியா ஊத்துறதுக்கு ஆறு கலமா? நல்லா இருக்கே நியாயம்!"

"நான் ஊத்துறதில்லீங்க, திறந்து விடுறேன்."

"மூடியத் திறக்கவா அரண்மனை ஆள் வைக்கணும்?"

முத்திருளி விடவில்லை. "சாமி, விளையாட்டு இல்ல. நான் இல்லாட்டி கரை ஒடைஞ்சிரும்!"

"கரண்டி ஒடைஞ்சா கொல்லன்கிட்டப் போ, என்கிட்ட ஏன் வர்றே? யாரங்கே, இவ நாலு வார்த்தைக்கு மேல பேசிட்டா, பேச்சு வரிய வாங்கிட்டு அனுப்பு!"

வரிக்குக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் வெறுங்காதோடு ஊர் திரும்பினாள். "மாமன் ஊருக்குப் போயிரலாம் ஆத்தா. இனி இங்க இருந்தா பட்டினிதான்" என்று ஒற்றைச் சட்டியையும் மூட்டையில் வைத்துக் கட்டினாள்.

அப்போது அடுத்த வீட்டு நாச்சி உள்ளே வந்தாள். கையில் ஒரு பிடி நெல்.

"மூட்டைய அவிழுடி இருளி."

"எதுக்கு மதினி? உங்களுக்கே புகை வரி, நிழல் வரின்னு..."

"கட்டுறோம்ல, அது வேற. அரண்மனை நிறுத்துனா நிறுத்திட்டுப் போகுது. நீ முங்குன தண்ணியில வெளைஞ்சது இது. பிடி."

நாச்சிக்குப் பின்னால் மாடக்கோனார் வந்தார், ஒரு பிடி. குயவர் வீட்டுச் செங்கமலம் வந்தாள், ஒரு பிடி. வயலே இல்லாத நாவிதர் பரியாரிகூட எங்கோ வாங்கிவந்து ஒரு பிடி போட்டார். முந்நூறு வீடு, முந்நூறு பிடி. முத்திருளி எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டாள். "இதுக்கெல்லாம் திருப்பிக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு மதினி?"

"மூச்சு இருக்குல்ல, அது போதும்டி" என்றாள் நாச்சி.

முத்திருளி மூட்டையை அவிழ்த்தாள்.

மந்திரியோ மிச்சம் பிடித்ததற்கு வெகுமதி வாங்கினார். அதில் ஒரு மாளிகை கட்டினார். எங்கே? மருதேந்தல் கரைக்குக் கீழே, கோடையில் காய்ந்து கிடந்த கால்வாய்க்குக் குறுக்கே! "பள்ளம் ஏற்கெனவே வெட்டியே இருக்கு, அஸ்திவாரச் செலவு மிச்சம்" என்று மெச்சிக்கொண்டாராம். ஊர்ச்சனம் எதிரே நின்று சொல்லப் பார்த்தது. ஆனால் ஐந்தாவது வார்த்தையில் வரி வந்துவிடுமே, எப்படிச் சொல்லும்?

ஐப்பசியில் புதுமனை புகுவிழா. ராசா வந்தார், ராசாவோடு யானை வந்தது, யானைக்குப் பின்னால் மடைப்பள்ளிச் சமையல்காரர் பதினெட்டுப் பேரும் வந்தார்கள். கூடவே மழையும் வந்தது. முதல்நாள் பெய்தது, இரண்டாம் நாள் பெய்தது, மூன்றாம் நாள் விடிந்தும் பெய்தது. கண்மாய் தளும்பிக் கரையில் நீர் கசிய ஆரம்பித்தது. ராசாவும் மந்திரியும் சனத்தோடு கரைக்கு ஓடினார்கள்.

"மடையரக் கூப்பிடுங்க, மடையரக் கூப்பிடுங்க!" என்று சனம் கத்தியது.

"ஏய், கூப்பிடுங்கடா மடையர!" என்று மந்திரியும் கத்தினார். உடனே பதினெட்டுச் சமையல்காரரும் கையில் கரண்டியோடு கரைமேல் ஓடிவந்து வரிசையாக நின்றார்களாம்.

ராசா அவர்களைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார். "நிறைமதியாரே, இவங்க எதுக்கு? கண்மாயக் குடிக்கவா?"

அவ்வளவு பயத்திலும் சனம் சிரித்துவிட்டது. முத்திருளி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "மகாராசா, மடையர் நான்தான். தண்ணிக்குள்ள போயி மடைக் கல்லப் பிடுங்குறவ."

"அப்ப திற!" என்றார் மந்திரி.

"திறக்கிறேன் ஐயா. ஆனா தண்ணி கால்வாய் வழியாத்தான் போகும். கால்வாயில உங்க மாளிகை இருக்கு."

"ஐயோ, திறக்காத!"

"திறக்கலேன்னா கரை ஒடையும். மாளிகையும் போகும், முந்நூறு வீடும் போகும், மகாராசாவும் யானையும் போவாங்க."

"ஐயோ, திற!" என்று மந்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

முத்திருளி முங்கினாள். உள்ளே கறுப்பான தண்ணீர், கை தொடுவது கண்ணுக்குத் தெரியாது. கல்லைப் பிடித்து ஒருதரம் இழுத்தாள், அசையவில்லை. இருதரம் இழுத்தாள், அசையவில்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, மேலே போ போ என்று கால் உதைத்தது. அப்போது அவளுக்கு நாச்சியின் பிடி ஞாபகம் வந்தது, மாடக்கோனார் பிடி, செங்கமலத்தின் பிடி, வயலே இல்லாத பரியாரியின் பிடி. 'இந்த மூச்சு அவங்க போட்டதுதானே' என்று மூன்றாந்தரம் இழுத்தாள். கல் வந்துவிட்டது.

தண்ணீர் மாளிகையின் முன்வாசலில் நுழைந்து, பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு, பின்வாசலில் வெளியே போனதாம். சுவர் ஒவ்வொன்றாகச் சரிந்தது. கரை நின்றது. ஊர் நின்றது. நாச்சி தண்ணீருக்குள்ளேயே இறங்கி முத்திருளியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ராசா கேட்டார்: "தாயி, உனக்கு நெல்லே குடுக்கலையாமே. அப்புறம் ஏன் முங்குனே?"

"அரண்மனை குடுக்கல. ஊரு குடுத்துச்சு மகாராசா."

"சிக்கனம் பண்ணச் சொன்னது நான்தான். அது தப்பா?"

"சிக்கனம் தப்பா? எங்க வீட்டுலயும் எண்ணெய் குறையும். தலைக்குத் தடவுறத நிறுத்துவோம், விளக்க நிறுத்த மாட்டோம். நீங்க தலை நிறைய எண்ணெய வச்சுக்கிட்டு விளக்க அணைச்சீங்க. அதுதான் தப்பு."

ராசா தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். "என் தப்புதான் தாயி" என்று முந்நூறு வீட்டுக்கும் கை கூப்பினாராம். அன்றைக்கே மூன்று வரியும் போயிற்று. விளக்கெண்ணெயும், மருத்துவச்சி அரிசியும், நூற்றெட்டுக் கலம் நெல்லும் திரும்ப வந்தன. முத்திருளியின் தோடும் வந்தது. யானை ஊர்வலம் நின்றது. யானைக்கு என்ன, கொட்டிலில் நின்றாலும் அதற்கு வயசு ஏறத்தானே செய்யும்!

மாளிகைக் கல்லெல்லாம் கரைக்குப் போனது. அதைச் சுமந்தது யார்? நிறைமதியாரேதான். அதோடு வருஷா வருஷம் மடை திறக்கும் நாளில், முத்திருளிக்குத் துவட்டத் துண்டோடு அவர் கரையில் நிற்க வேண்டும் என்பது ராசா உத்தரவு. அவரைப் பார்த்த சனமெல்லாம், "மடையர் யாருன்னு தெரியாதவர் போறார்" என்றது. அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கு நேரம்? சுருக்கிச் சுருக்கி, கடைசியில் "மடையர் போறார்" என்று ஆகிவிட்டது. முங்குகிறவள் பேர் இப்படித்தான் முட்டாளுக்குப் போயிற்று. அநியாயம்தான். ஆனால் மருதேந்தலில் மட்டும் இன்றைக்கும் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துவைத்து, அவள் மூச்சுக்குக் கும்பிடு போடுகிறார்களாம்.

செலவைக் குறைக்கிற கை, அது யாருடைய மூச்சு என்று ஒருதரம் கேட்டுவிட்டுக் குறைக்கட்டும்.

மடை திறந்தாச்சு, கதை வடிஞ்சாச்சு. கேட்டவங்க வயலெல்லாம் தண்ணி பாயட்டும்.