தோற்ற வீரனின் முகம்

அந்தக் காலத்தில், காக்கைக்கும் மரத்துக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, ஜப்பான் தேசத்தில் சிகுசா என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் ககெனொபு போரில் மாண்டுபோனான். வென்ற பிரபு, "அவன் புறமுதுகிட்டு ஓடிச் செத்தவன். இனி எந்த முகம் அவன் பெயரைச் சொன்னாலும் அந்தத் தலை கழுத்தில் நிற்காது" என்று முரசறைவித்தான்.

சிகுசா நம்பவில்லை. போர் நடந்த ஆற்றுத்துறைக்கே போனாள். அங்கே சைப்ரஸ் மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"நான் பார்த்தேன் அம்மா. ஊர்ச்சனம் அக்கரை சேரும்வரை அவர் ஒற்றை ஆளாகத் துறையை மறித்து நின்றார். கடைசிப் படகு போன பிறகுதான் விழுந்தார்."

"அழுதாரா?"

"அழவில்லை. சிரிக்கவும் இல்லை."

"இதை அந்தப் பிரபுவின் முகத்துக்கு நேரே சொல்வேன்."

"தலை போய்விடுமே!"

"போகட்டும். பொய் நிற்கக் கூடாது."

அதுவரை பேசாதிருந்த மரம், "என் கிளையொன்றை வெட்டிக்கொள். அவர் முகத்தையே கூட்டிப் போ" என்றது.

விரலெல்லாம் காயமாகச் சிகுசா அந்தக் கட்டையைக் கணவனின் முகமாகச் செதுக்கினாள். முதலில் கண்ணீர் வைத்தாள். பிறகு அதைச் சுரண்டி எடுத்தாள். அந்த முகம் குனிந்தால் அழுவதுபோல இருந்தது. நிமிர்ந்தால் தெளிந்தது.

வெற்றி விருந்தன்று கணவனின் உடையில், அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு சபை நடுவே வந்து நின்றாள்.

"நான் ககெனொபு. நான் செத்த விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்."

விசிறியே வாளாக, துறையில் நடந்ததை ஆடிக் காட்டினாள். பிரபுவின் வீரன் ஒருவன் பொத்தென்று மண்டியிட்டான். "உண்மை, பிரபுவே! அங்கே என்னைத் தடுத்து நின்றவர் இவர்தான்."

"கழற்று அதை!" பிரபு வாளை உருவிக்கொண்டு வந்தான்.

சிகுசா கழற்றினாள். பிரபுவை வணங்கவில்லை. முகமூடியைத் தரையில் வைத்து அதை வணங்கினாள். "பெயரைச் சொன்ன முகம் இது. வெட்டுங்கள்."

தரையிலிருந்து ககெனொபு அவனை நிமிர்ந்து பார்த்தான். ஓங்கிய கை இறங்கவில்லை. பிரபு வாளை உறையில் போட்டான்.

"அவன் ஓடவில்லை," என்றான், சபை முழுவதும் கேட்க.

அன்று முதல்தான் அந்த நாட்டு நாடக மேடையில் தோற்ற வீரனே வந்து தன் சாவைச் சொல்கிறான். அவனாக ஆடுபவர் முகமூடியைக் கட்டுமுன் அதைக் கையிலேந்தி வணங்குகிறார்.