சேனையின் முதல் துண்டு

அம்மிக்கும் உரலுக்கும் வாய் இருந்த காலம் அது. கத்தரிக்காய் பேசும், புடலங்காய் பேசும், அடுப்படியில் கிடக்கிற அரிவாள்மணைகூடப் பேசும். தோட்டத்துக்குள் காலை வைத்தால் போதும், "போன தடவை எனக்குத் தேங்காய் பத்தலை" என்று அவரைக்காய் ஆரம்பிக்கும். "என்னைக் குழைய விட்டே, அப்புறம் பாரு" என்று பூசணி மிரட்டும். எந்தக் காயை எப்படிச் சமைக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காய்களே சொல்லிவிடும். மனுஷனுக்குத்தான் அப்போதும் காது கேட்காது, அது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில் சேனைக்கிழங்கு அரிக்கவே அரிக்காது. தோலைச் சீவி ஒரு கொதி விட்டால் வெந்துவிடும். உப்பும் மிளகும் போட்டால் குழந்தைகூடச் சாப்பிடும். அப்படிப்பட்ட சாதுக் கிழங்கு இன்றைக்கு ஏன் தொண்டையைப் பிடிக்கிறது என்று கேட்கிறீர்களா? அந்தப் பாவத்தைச் செய்தது குத்தாலம் என்கிற ஒருத்தன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவன் இருந்தான். விருந்து வைப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். பெயர் அவனுக்கு. அடுப்புப் புகை அவன் பெண்டாட்டி ஆவுடைத்தங்கத்துக்கு. சந்தையில் பார்த்தவன், வண்டியில் கூட வந்தவன், வழி கேட்டு நின்றவன், எல்லோரையும் "வாரும்யா, நம்ம வீட்ல ஒரு கை சாப்பிட்டுப் போகலாம்" என்று இழுத்து வந்துவிடுவான். வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டானா? கேட்கவே மாட்டான்.

அதோடு விட்டானா? வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தான். விருந்தாளியின் இலையில் விழுவதற்கு முன்னால் சமைத்தவள் நாக்கில் ஒரு பருக்கைகூடப் படக்கூடாது. பட்டால் எச்சில். உப்பு பார்க்கக்கூட விடமாட்டான். எல்லோரும் தின்று ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு, திரும்பவும் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்ற பிறகு ஆவுடை பானையைச் சாய்த்துப் பார்ப்பாள். அடியில் கரண்டி உரசின தடம்தான் இருக்கும். தன் கையால் விதை ஊன்றின வெண்டைக்காய் என்ன ருசி என்று அவளுக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தெரியாது.

அந்த வீட்டில் அவளை "சாப்பிட்டியா?" என்று கேட்ட ஜீவன் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்து மூலையில், புளியமரத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் இருந்த சேனை.

மாசியில் அவள் நட்ட கிழங்கு அது. தினமும் அரிசி களைந்த கழுநீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். குடை விரித்து நின்ற ஒற்றைத் தண்டுக்குக் கீழேயிருந்து கனத்த குரலில் அது கேட்கும்.

"ஆவுடை, சாப்பிட்டியாட்டி?"

"எங்கே சாப்பிட? எட்டுப் பேர் வந்தாவ. பானையைக்கூட நக்கிட்டுப் போயிட்டாவ."

"போகட்டும். தையிலே என் தண்டு தானாச் சாயும். அதுவரைக்கும் யாரையும் தொடவிடாதே. சாய்ஞ்சதும் நீயே தோண்டி எடு. என்னோட முதல் துண்டு உனக்குத்தான். அதுக்கு அப்புறம்தான் விருந்தாளி, சம்பந்தி, ராசா, மந்திரி எல்லாம்."

அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டுதான் அவள் ஒன்பது மாதமாக அந்த அடுப்பை ஊதினாள். ஒரு துண்டு. ஊருக்கே பொங்கிப் போட்டவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஐப்பசி மாதம் ஒருநாள் உச்சி வெயிலில் குத்தாலம் ஒன்பது பேரோடு வந்து இறங்கினான். மாட்டுச் சந்தையில் பழக்கமாம். அவர்களில் பலவேசம் என்று ஒருத்தர், மீசைக்கும் பேச்சுக்கும் பேர்போனவர். "குத்தாலம் வீட்டுச் சாப்பாடுன்னா அக்கரை வரைக்கும் மணக்கும்னு சொல்லுதாவ, பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்தார்.

குத்தாலம் அடுப்படிக்குள் தலையை நீட்டினான். "என்னட்டி இருக்கு?"

"பானையிலே கழுநீர் இருக்கு. அதைக் கேட்டா ஊத்துதேன்" என்றாள் ஆவுடை. அவளுக்கு வயிறு எரிந்தது. முந்தின நாள்தான் பன்னிரண்டு பேர் வந்து தோட்டத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கத்தரிச்செடியில் பூகூட இல்லை. முந்தின நாளிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரில்தான் இருந்தாள்.

"சேனை இருக்குல்லா?"

"அதைத் தொடாதீங்க. தண்டு இன்னும் பச்சையா நிக்குது. தை பிறக்கட்டும்."

"தை பிறக்கிறவரைக்கும் அவரு மீசையைத் தடவிட்டு இருப்பாரா?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஆவுடை ஓடிப்போய்ச் சேனைக்கு முன்னால் நின்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் வழியை மறித்தாள். "என்னை வெட்டிட்டுத் தோண்டுங்க" என்றாள். அவன் தோளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினான். புளியமரத்து வேரில் போய் விழுந்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து சேனை நிதானமாகச் சொன்னது. "குத்தாலம், இன்னும் ரெண்டு மாசம் பொறு. முதல் துண்டு ஆவுடைக்குன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"முதல் துண்டா? பொம்பளைக்கா? கூடத்திலே விருந்தாளி இருக்கையிலா?" என்று சிரித்துக்கொண்டே ஓங்கிக் கொத்தினான். பச்சைத் தண்டு முறிந்து விழுந்தது. கிழங்கைப் பெயர்த்து எடுத்து, மண்ணைக்கூடச் சரியாகத் தட்டாமல் அடுப்படிக்குக் கொண்டுபோனான். அரிவாள்மணை, "பதம் வராத கிழங்கு. என் மேலே வைக்காதே" என்று கத்தியது. அவன் கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு கிழங்கை அதன் அலகில் கொடுத்து இரண்டாகப் பிளந்தான்.

பிளந்த கிழங்கு அழவில்லை. ஏச்சுப் பேச்சு எதுவும் இல்லை. வாசலில் மண் ஒட்டின சேலையோடு நின்ற ஆவுடையைப் பார்த்துக் கேட்டது.

"நீ சாப்பிட்டியாட்டி?"

"இல்லை" என்றாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கோபம் அத்தனையையும் வற்ற வைத்துவிட்டது.

"சரி" என்றது சேனை. அதற்குப் பிறகு அவளிடம் அது பேசவே இல்லை.

"நான் கை வைக்க மாட்டேன். உங்க விருந்து, நீங்களே பொங்குங்க" என்று சொல்லிவிட்டு ஆவுடை புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கென்ன, ஒரு பாதியைக் கண்டதுண்டமாக நறுக்கி, ஒரு கொதி விட்டு, உப்பையும் மிளகையும் அள்ளிப் போட்டு இறக்கினான். இலை போட்டுப் பரிமாறிவிட்டுத் தானும் பந்தியில் உட்கார்ந்தான்.

"நம்ம தோட்டம், நம்ம கைப்பக்குவம்" என்று வேறு சொன்னான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

பலவேசம் நாலு துண்டைச் சேர்த்து வாயில் போட்டார். "பலே, இதுக்கு ஈடு..." என்று ஆரம்பித்தவர் அதோடு நின்றார். கை தொண்டைக்குப் போனது. பக்கத்தில் இருந்தவர் நாக்கை வெளியே நீட்டினார். மூன்றாம் இலைக்காரர் எழுந்து தூணில் கழுத்தைத் தேய்த்தார். உதடு தடித்து, நாக்கு தடித்து, பத்துப் பேரும் கூடத்தில் உருண்டார்கள். ஆயிரம் முள் ஒரே சமயத்தில் குத்தின அரிப்பு அது. அந்த அரிப்புக்குள்ளிருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு கனத்த குரல் கேட்டது. வெளியே இல்லை, அவரவர் தொண்டைக்குள்ளேயே கேட்டது.

"சமைச்சவ சாப்பிட்டாளா? சமைச்சவ சாப்பிட்டாளா?"

குத்தாலம் தவழ்ந்துகொண்டே புளியமரத்தடிக்கு வந்தான். பேச்சு வரவில்லை. தொண்டையைக் காட்டினான், கையெடுத்துக் கும்பிட்டான்.

புளியமரம் மேலேயிருந்து மெல்லச் சொன்னது. "ஆவுடை, என் புளியைக் கெட்டியாக் கரைச்சுக் குடுத்தா சேனையோட கோபம் இறங்கும். குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

ஆவுடை எழுந்து கூடத்துக்குப் போனாள். உடனே கொடுத்துவிடவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பதினோரு வருஷம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

"என்னய்யா, வலிக்கோ? நல்லா வலிக்கட்டும். இந்த வீட்ல எத்தனை பேரு தின்னுட்டுப் போயிருப்பீங்க! இலையை மடக்கும்போது ஒருத்தனாவது உள்ளே எட்டிப் பார்த்து, 'தாயி, உனக்கு இருக்கா'ன்னு கேட்டிருப்பானா? கையை நக்கிட்டு அவரைப் புகழ்ந்துட்டுப் போவீங்க. நட்டது நான், தண்ணி ஊத்தினது நான், அடுப்பிலே வெந்தது நான். எனக்கு ஒரு துண்டு தாரேன்னு ஒரு கிழங்கு சொல்லிச்சு. மனுஷப் பிறவி ஒண்ணுகூடச் சொல்லாததை ஒரு கிழங்கு சொல்லிச்சு! அதையும் கொன்னுட்டீங்களே, பாவிகளா!"

பலவேசத்தின் மீசை தொங்கிக் கிடந்தது. அவர் தரையில் நெற்றியை வைத்தார்.

வீட்டில் பத்துப் பிணம் விழுவதை அவள் விரும்பவில்லை. புளியைக் கரைத்து ஆளுக்கொரு சொம்பு கொடுத்தாள். அரிப்பு இறங்கியது, குரல் ஓய்ந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மூச்சு வந்ததும் வயிறும் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது பேரும் குத்தாலத்தைப் பார்த்தார்கள். அவனுக்கோ மானம் போகிறது. வெறும் வயிற்றோடு அனுப்பினால் நாளைக்கு ஊர் சிரிக்கும்.

"மிச்சப் பாதி இருக்கு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீயே செய்யேன், ஆவுடை."

"செய்யுதேன். அவசரப்படுத்தினா அடுப்பை அவிச்சிருவேன்."

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தோலைக் கனமாகச் சீவினாள். துண்டுகளை மூன்று தண்ணீரில் அலசினாள். புளித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு நிதானமாக வேகவிட்டாள். குத்தாலம்தான் அடுப்பு ஊதினான், கண் சிவக்கச் சிவக்க ஊதினான். வெந்ததை மிளகும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளச் சுருள வறுத்தாள். வாசனை கூடத்துக்குப் போனது. இலை போட்டாயிற்று. ஆனால் ஒருத்தர் கையும் நீளவில்லை.

"குத்தாலம், நீரு முதல்ல சாப்பிடும்" என்றார் பலவேசம்.

"விருந்தாளி இருக்கையிலே நானா? நீங்க சாப்பிடுங்க."

"எனக்குப் பசியில்லை."

அவர் வயிறு இரைந்தது எல்லோருக்கும் கேட்டது. குத்தாலம் எச்சிலை விழுங்கினான். ஒன்பது முகத்தையும் பார்த்தான். கடைசியில் அவன் வாயாலேயே அந்தச் சொல் வந்தது.

"ஆவுடை... நீ முதல்ல ஒரு துண்டு வாயில போட்டுப் பாரு."

பாசத்தில் சொன்னான் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் சொன்னான். அரித்தால் அவளுக்கு அரிக்கட்டும் என்று சொன்னான்.

ஆவுடை அடுப்படியில் நிற்கவில்லை. கூடத்துக்கு நடுவில் வந்து இலை போட்டு உட்கார்ந்தாள். முதல் துண்டை எடுத்தாள். வாயில் வைத்ததும் கரைந்தது. அரிக்கவில்லை. அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. "சாப்பிட்டேன்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

"வெந்திருச்சா?" என்றான் குத்தாலம்.

"தெரியலையே. ஒரு துண்டிலே எப்படித் தெரியும்?"

இன்னொரு துண்டு போட்டாள். அப்புறம் இன்னொன்று. பத்து ஆண்பிள்ளைகளும் எச்சில் ஊற வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவசரமில்லாமல் மென்றாள். சட்டியில் பாதி தீர்ந்து வயிறு நிறைந்த பிறகு எழுந்தாள்.

"இப்ப வெந்திருச்சு. போட்டுக்கோங்க."

அன்றையிலிருந்துதான் சேனைக்கிழங்கு அரிக்கிறது. அவசரத்தில் சமைத்தால் இரண்டு மடங்கு அரிக்கிறது, புளியைக் கண்டால் அடங்குகிறது. எச்சில், தீட்டு, ஆசாரம் என்று குதிக்கிற வீட்டில்கூடச் சேனை வேகும்போது மட்டும் ஆண்பிள்ளைகள் அடுப்படி வாசலுக்கு வந்து, "ஒரு துண்டு வாயில போட்டுப் பார்த்தியா?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கும் பயத்தில்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும், முதல் துண்டு சமைத்தவளுக்குப் போய்ச் சேர்கிறது.

நீங்கள் சாப்பிடும்போது தொண்டை நமநமத்தால் கிழங்கைத் திட்டாதீர்கள். எழுந்துபோய், அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.