தினம் சாப்பிடுகிற மாதிரி

வெள்ளைக்காரன் காலத்தில் கொடி பிடித்து ஜில்லா ஜெயிலில் களி தின்ற ஆவுடையப்பன், சுதந்திரம் வந்தபின் எம்.எல்.ஏ. ஆனார். அதே ஜெயிலைப் பார்வையிட வருகிறார் என்றதும் ஜெயிலர் சமையல்கட்டுக்கு ஓடினார். அன்றைக்கு மட்டும் அரிசிச் சோறு, முருங்கைக்காய் சாம்பார்.

சமையல் கைதி பேச்சிமுத்துவைத் தனியே இழுத்தார். “தினமும் இதே சாப்பாடுதான்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, அடுத்த மாச விடுதலையை மறந்துடு.”

பேச்சிமுத்து சாம்பாரைக் கிளறிக்கொண்டே யோசித்தான். உண்மையைச் சொன்னால் வீடு போய்ச் சேரமுடியாது. பொய் சொன்னால் நாளைக்கே வழக்கமான குழம்பு திரும்பி வரும்.

ஆவுடையப்பன் கைதிகளோடு தரையில் உட்கார்ந்தார். “தினமும் இதுதானாப்பா?”

“ஆமாங்கய்யா, இதேதான்.” என்றான் பேச்சிமுத்து. ஜெயிலரிடம் பணிவாகத் திரும்பினான். “எல்லாரையும் தினம் சாப்பிடுற மாதிரியே சாப்பிடச் சொல்லட்டுங்களா?”

“பேஷா சொல்லு!”

சொன்னான். வரிசையே குனிந்தது. ஒவ்வொருவனும் சாம்பாரை விரலால் துழாவிப் புழு தேடினான். ஒன்றும் அகப்படாமல் திகைத்து, மறுபடி துழாவினான்.

ஜெயிலர் பேச்சிமுத்துவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“அவனை ஏன் முறைக்கிறீங்க?” என்றார் ஆவுடையப்பன். “அவன் விடுதலையாகுற வரைக்கும் எனக்கு இங்கதான் சாப்பாடு.”

பேச்சிமுத்து அவர் தட்டைப் பார்த்தான். அவர் விரலும் சாம்பாருக்குள் துழாவிக்கொண்டுதான் இருந்தது.