முதல் குடிலின் ஸ்ப்ளிட்டர்

மடத்துக் குரு தவமணித் தாயாருக்கு அம்மை போட்டிருந்தது. பத்து நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை, யாரையும் அருகில் விடவுமில்லை. காலை உரையை மட்டும் நிறுத்தவில்லை. அறையில் ஒரு கேமராவை வைத்து, மடத்தின் ஒன்பது குடில்களுக்கும் வரிசையாக ஒரே கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தார் ஆவுடையப்பன். தாயாரைவிடப் பத்து வயது மூத்த சீடர். மடத்துக்கு வருமுன் பதினெட்டு வருஷம் கேபிள் ஆபரேட்டர்.

தாயார் அறையை ஒட்டிய முதல் குடில் அவருடையது. கடைசிக் குடிலில் பிச்சையம்மாள் படுத்திருந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"நாளைக் காலையில உங்க பேரைச் சொல்லிப் பாடுறேன். கேட்டுட்டு நிம்மதியாப் போங்க" என்று தாயார் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

தாயார் பாடி மடத்தில் யாரும் கேட்டதில்லை. ஆவுடையப்பனுக்கு அந்தப் பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. டிவிக்கு ஒரு இணைப்பு, பதிவுக் கருவிக்கு ஒன்று என இரண்டு வேண்டியிருந்தது.

விடிந்ததும் ஏணி போட்டு ஏறி, தன் குடில் வாசல் கம்பத்தில் இருந்த 'டேப்' என்ற சின்ன இணைப்புப் பெட்டியைக் கழற்றினார். லைனில் ஓடுவதில் ஒரு சிட்டிகை மட்டும் வீட்டுக்கு இறக்கிவிட்டு, மிச்சத்தை அப்படியே அடுத்த வீட்டுக்கு அனுப்புவது டேப். ஸ்ப்ளிட்டருக்கு அந்த நாகரிகம் கிடையாது. வந்ததைக் கூறு போட்டுவிடும். மெயின் லைனில் ஸ்ப்ளிட்டர் போடுகிறவன் தொழில் தெரியாதவன் என்று எத்தனையோ பேரைத் திட்டியவர் ஆவுடையப்பன். ஒரு நாள்தானே, தாங்கும் என்று அதையே மாட்டினார்.

படம் கண்ணாடிபோல வந்தது. தாயார் பாடினார். ஆவுடையப்பன் தேம்பித் தேம்பி அழுதார். பாட்டு முடிந்தபோது நர்ஸ் எஸ்தர் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே! கடைசிக் குடில்ல படமே வரலண்ணே!"

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசல் கம்பத்துக்கு ஓடினார். ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு டேப்பை மறுபடி மாட்டினார். கடைசிக் குடிலுக்குள் நுழைந்தபோது டிவியில் தாயார் தெரிந்தார். பிச்சையம்மாளின் கண்கள் அந்தப் பக்கமே திறந்திருந்தன. எஸ்தர் அவற்றை மூடினாள்.

ஆவுடையப்பன் குடிலை விட்டு வெளியேறினார். எப்படி நடந்து வந்தார் என்று தெரியாமல் தாயாரின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"அம்மா, பிச்சையம்மா போயிட்டாங்க."

"பாட்டைக் கேட்டாங்களா?"

"இல்ல."

தாயார் எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"நான்தான் காரணம். லைன்ல ஸ்ப்ளிட்டர் போட்டேன்."

"எவ்வளவு நேரம் படமில்லாம இருந்தாங்க?"

"கால் மணி நேரம். வெறும் டிவியவே பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். எஸ்தர் சொன்னா."

தாயார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கக் கொப்புளம்.

"பாட்டு?"

"எங்கிட்ட இருக்கு அம்மா. ஒரு எழுத்து விடாமப் பதிவாயிருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வாயில் வந்துவிட்டது.

"வாசல்லயே கிடக்கிறேன் அம்மா. எங்கிருந்தோ வர்றவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசுறீங்க. எங்கிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை. அந்த ஏக்கத்துலதான் எடுத்துக்கிட்டேன். இவ்வளவு பக்கத்துல இருக்கிற எனக்கு ஏன் இவ்வளவு கொஞ்சமாக் குடுத்தீங்க?"

தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"உங்களைத் தாண்டித்தானே பிச்சையம்மாவுக்குப் போகணும், ஆவுடையப்பன்?" என்றார்.